மூன்று குழாய் மண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிவப்புத் துண்டிலிருந்து கிடைத்தது.

பரளச்சியில் ஒரு வீட்டுக்கு சிமெண்டு மூட்டை இறக்கப் போயிருந்தேன். வண்டி தெருவுக்குள் நுழையாது. முக்கில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு மூட்டையாகத் தலையில் தூக்கிப் போக வேண்டும். மத்தியான வெயில். மூட்டையோடு தெருவுக்குள் திரும்பினால், நடுவில் கருத்தப்பாண்டி நிற்கிறான். தன் வீட்டையே பார்த்தபடி நிற்கிறான். கையில் சிவப்புத் துண்டு. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன் துண்டை உயர்த்தி ஆட்டினான்.

"ஏலே, அங்கிட்டே நில்லு."

"என்னலே ஆச்சு?"

"நில்லுங்கிறேன்ல."

தலையில் ஐம்பது கிலோவோடு நின்றேன். அந்தத் துண்டு ஆட்டல் எனக்குத் தெரியும். அவனும் நானும் ஒரே செட்டில் கிணறு வெட்டினவர்கள். அவன் பாறையில் குழி போட்டு வேட்டு வைப்பான். நான் மேலே கிரேன் சுற்றி ஆளையும் கல்லையும் ஏற்றுவேன். வைத்த வேட்டு வெடிக்காமல் கிணற்றுக்குள் கிடந்தால்தான் அவன் துண்டை அப்படி ஆட்டுவான். அந்தத் தெருவில் கிணறே கிடையாது.

அவன் பெண்டாட்டி முருகலட்சுமி மண்தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து ஓர் ஆம்பளைக் குரல் ஏதோ கேட்டது. என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. கருத்தப்பாண்டி பதில் சொன்னான்.

"மூணு."

மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார். நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். வேலை முடிந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். பாதிக் கதையை முருகலட்சுமி பிறகு பஸ்ஸில் சொன்னாள். மீதியை நான் கட்டுகிறேன்.

2

எங்கிருந்து தொடங்குவது?

முதல் தொடக்கம்: ராம்குமாருக்குச் சினிமா என்றால் உயிர்.

(வேண்டாம். பிறந்தநாள் பேனரில் எழுதுவதுபோல் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: குண்டு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டு ஒருவர் திருச்சுழிக்கு—

(இதை எழுதியதும் கை நின்றுவிட்டது. இந்தத் தாள் எங்கேயாவது விழுந்து, இந்த ஒரு வரியை மட்டும் யாராவது படித்தால்? ஸ்டேஷனில் என்னை உட்காரவைத்து, கதை எழுதினேன் என்று நான் சொன்னால், மூட்டை தூக்குகிற உனக்கு என்னடா கதை என்று கேட்பார்களே. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு, அடுப்பில் போடுகிற அளவுக்குப் பயம் வந்தால் அதுதான் சரியான தொடக்கம் என்று தோன்றியது. மறுபடி எழுதியிருக்கிறேன். மேலே படித்தது இரண்டாம் தடவை எழுதியது.)

3

ராம்குமார் பாளையம்பட்டியில் பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் சினிமாவில் வருகிற சாமான்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அட்டைக் கிரீடம், ரப்பர் கத்தி, தகரத் துப்பாக்கி. அசல் கிடைத்தால் அசல், கிடைக்காவிட்டால் அதேபோல் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி வைப்பார்.

கருத்தப்பாண்டி அப்போது கிணற்று வேலையை விட்டுவிட்டுத் திருச்சுழியில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தான். ராம்குமார் கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுப் போனை நீட்டினார்.

"அண்ணே, இதப் பாருங்க."

ஒரு பழைய படம். ரயிலில் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. அதில் மூன்று சிவப்புக் குழாய், சுற்றிலும் ஒயர், நடுவில் குறைந்துகொண்டே வருகிற நம்பர். கதாநாயகன் வேர்த்து விறுவிறுத்துப் பச்சை ஒயரை வெட்டுகிறான். நம்பர் மூன்றில் நிற்கிறது.

"இதே மாதிரி வேணும்ணே. நம்பர் ஓடணும். மூணுல கரெக்டா நிக்கணும்."

"எதுக்குத் தம்பி?"

"சும்மா வச்சுப் பாக்கத்தான்."

"குண்ட வச்சா பாப்பாக?"

"பொம்மைண்ணே. குழாய்க்குள்ள மண்ண அடைங்க. ஆனா தூக்குனா கனக்கணும். கை பயப்படணும்."

"எங் கை எப்பவோ பயந்துருச்சு தம்பி" என்று சிரித்தான் கருத்தப்பாண்டி.

[ராம்குமாரைக் கொஞ்சம் கெட்டவராக எழுதலாமா என்று பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்திருக்கும். தங்கப்பல் ஒன்று வைத்தேன், மிரட்டுகிற குரல் வைத்தேன். ஒட்டவில்லை. அந்த மனுஷன் கருத்தப்பாண்டி வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் கிடந்த அவன் மச்சினன் மாரிச்செல்வத்துக்குச் சாத்துக்குடி வாங்கி வந்திருக்கிறார். பல்லைப் பிடுங்கிவிட்டேன்.]

கிணற்றை விட்டு ஓடி வந்தவன் இதை ஏன் ஒத்துக்கொண்டான்? எனக்கு விளங்கவில்லை. முருகலட்சுமியிடமே கேட்டேன்.

"ஆசைதான் அண்ணே. பயந்துதான் விட்டுட்டு வந்தாக. ஆனா கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. மண்ணுதான, யாருக்கு என்னன்னு நெனச்சுட்டாக."

4

மாரிச்செல்வம் முருகலட்சுமியின் தம்பி. கண் இரண்டும் கிடையாது. அக்கா வீட்டில், ஒரே அறையில், பின்சுவர் ஓரத்துக் கட்டிலில்தான் அவன் பகலும் இரவும். கருத்தப்பாண்டி வேலை செய்தது அதே அறையில், வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில், ஒரு பலகைமேல். வேறு இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் சிவப்பு அடித்துக் காயவைத்தாகிவிட்டது. கண்மாய்க் கரம்பையைச் சலித்து, குழாயில் போட்டு, கருவேலங் கம்பால் மெதுவாக இடித்துக்கொண்டிருந்தான். ஒரு பிடி மண், ஒரு இடி. ஒரு பிடி மண், ஒரு இடி. முருகலட்சுமி குழம்புக் கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"மண்ணத்தான இடிக்கிறீக? அந்தக் கம்பிய எடுத்து நாலு போடு போட்டா முடிஞ்சது."

"கம்பி வேணாம்."

"ஏன், மண்ணுக்குக் கோவம் வந்துருமாக்கும்?"

அவன் இன்னொரு பிடி மண்ணைப் போட்டு மரக்கம்பால் இடித்தான்.*

"அடுப்ப அமத்து" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை வரிசை கட்டி நின்றது. போய் அடுப்பை அணைத்தாள். குழம்பு பாதி வேக்காட்டில் நின்றது.

"மச்சான், என்ன செய்றீக?" கட்டிலிலிருந்து மாரிச்செல்வம் கேட்டான்.

"ஸ்டார்ட்டர் பொட்டிடா. தோட்டத்து மோட்டாருக்கு ஒரு சம்சாரி கேட்டாரு."

"ஸ்டார்ட்டர் பொட்டிக்கு மண்ணு எதுக்கு?"

"எர்த்துக்கு."

"ம்" என்றான். அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் சோறு வேண்டாம் என்றுவிட்டான். வயிறு மந்தமாக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

(* வேட்டுக் குழியை இரும்பால் இடிக்கவே கூடாது. கல்லில் இரும்பு பட்டுப் பொறி பறந்தால் ஆள் மிஞ்சமாட்டான். மரக்கம்புதான். இது தெரியாத ஒருவன் அந்தப் பொம்மையைச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை; ராம்குமார் அறையில் இன்னொரு சாமான், அவ்வளவுதான்.)

5

இப்போது ஒரு கிணற்றைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இதை எழுதாவிட்டால், ஒரு மண் பொம்மைக்கு ஏன் ஓர் ஆள் தெருவில் நின்று நடுங்கினான் என்று நீங்கள் கேட்பீர்கள்.

வேட்டு வைத்தால் சத்தத்தை எண்ண வேண்டும். ஆறு வைத்தால் ஆறு கேட்க வேண்டும். ஐந்துதான் கேட்டது என்றால் உள்ளே ஒன்று வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. எங்கள் செட்டில் அதற்கு ஊமைக்குழி என்று பேர். அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. வைத்தவன் கிணற்றுமேட்டில் சிவப்புத் துண்டோடு நின்று ஆளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வான். மறுநாள் வைத்தவன்தான் முதலில் இறங்க வேண்டும். எங்கே வைத்தான், எவ்வளவு ஆழம் என்று அவன் கைக்குத்தான் தெரியும். அவனுக்குப் பதிலாக இன்னொருத்தன் இறங்குகிற பழக்கம் கிடையாது.

மேற்கே ஒரு கிணற்றில் கருத்தப்பாண்டி ஆறு வைத்தான். ஐந்து கேட்டது.

மறுநாள் அவன் வரவில்லை. அவனுக்குக் காய்ச்சல்

(காய்ச்சல் என்று எழுதினேன். அடித்தேன். பயம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இரண்டும் உடம்பை ஒரே மாதிரித்தான் நடுக்கும். அவனுக்கே எது என்று தெரியுமோ என்னமோ. இந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறேன்.)

"மச்சானுக்கு முடியல. நான் எறங்குறேன்" என்றான் மாரிச்செல்வம். அவனும் எங்கள் செட்டுதான், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயசு. கிரேனைச் சுற்றி இறக்கினோம். ஆறாவது சத்தம் அப்போதுதான் கேட்டது.

உயிரோடுதான் ஏறி வந்தான். கல்தூள் கண்ணை எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு கருத்தப்பாண்டி கிணற்றுப் பக்கம் போகவில்லை. மச்சினனைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். குளிப்பாட்டுவான், சவரம் பண்ணிவிடுவான், பீடி பற்றவைத்து வாயில் கொடுப்பான். எட்டு வருஷத்தில் அந்தக் கிணற்றைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று முருகலட்சுமி சொன்னாள்.

6

பொம்மை முடிந்த அன்று ஓட்டிப் பார்த்தார்கள்.

நம்பர் அறுபதிலிருந்து இறங்கியது. ஒவ்வொரு நம்பருக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். முருகலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அச்சு அசலாகப் படத்தில் உள்ளதுபோல் இருந்தது. கருத்தப்பாண்டிக்கும் முகத்தில் ஒரு பெருமை.

பத்து. ஒன்பது. மூன்றில் நிற்க வேண்டும்.

மூன்று.

இரண்டு.

அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஒன்று என்கிறபோது வாசலில் இருந்தார்கள். சைபருக்குத் தெருவில் இருந்தார்கள். அவள் வளையல் ஒன்று உடைந்து நிலைப்படியில் கிடந்தது.

டிக் சத்தம் நின்றுவிட்டது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை.

நீங்களும் நானும் சினிமா பார்க்கிறவர்கள். சைபர் வந்து வெடிக்கவில்லை என்றால் அப்பாடா என்று மூச்சு விடுவோம். வேட்டு வைத்தவனுக்கு அப்படி இல்லை. வெடித்துவிட்டால் வேலை முடிந்தது, இறங்கிக் கல்லை அள்ளலாம். நேரம் வந்தும் சத்தம் வராவிட்டால்தான் அவனுக்கு ரத்தம் சுண்டும்.

"என்னங்க இது? மண்ணுங்க அது."

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு என்னைய இழுத்துக்கிட்டு ஓடியாந்தீக?"

அவன் அவளைப் பார்த்தான்.

"செல்வம் உள்ள இருக்கான்" என்றாள் அவள்.

கருத்தப்பாண்டி வாசல்வரைக்கும் போனான். கால் ஏறவில்லை. மண்ணைச் சலித்தவன் அவன், இடித்தவன் அவன், மூடியை ஒட்டியவனும் அவன். புத்திக்கு எல்லாம் தெரிகிறது. காலுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்து கொடியில் கிடந்த துண்டை உருவினான். அதை ஆட்டிக்கொண்டிருப்பதே அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அப்போதுதான் நான் மூட்டையோடு வந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்குக் கேட்டது பதில் மட்டும்தான். கேள்வியை நான் செய்ய வேண்டும்.

"மணி என்ன மச்சான்?" என்று எழுதிப் பார்த்தேன். பொருந்துகிறது. மத்தியானம் அந்த நேரம்தான் இருக்கும். "மூணு." இப்படி எழுதிவிட்டால் எல்லோரும் பிழைத்துப்போவார்கள். கருத்தப்பாண்டி உள்ளே போவான், மச்சினனுக்கு டீ போடச் சொல்வான், நானும் படுத்துத் தூங்குவேன்.

ஆனால் நான் அவன் முகத்தைப் பார்த்தேன். மணி சொல்கிறவன் முகம் அல்ல அது. பஸ்ஸில் முருகலட்சுமியிடம் என் கேள்வியைச் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினாள். மாரிச்செல்வம் என்ன கேட்டான் என்று அவளே சொன்னாள்.

"எத்தன வச்சீக மச்சான்?"

அப்போது கருத்தப்பாண்டி "மண்ணுடா" என்று சொல்லியிருக்க வேண்டும். கிணற்றுமேட்டில் நின்று ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

"மூணு."

"ஒண்ணுகூடக் கேக்கலயே."

"இல்ல."

"நீங்க எங்க நிக்கிறீக?"

"தெருவுல."

"அக்கா?"

"எங்கூடத்தான்."

"அப்பச் சரி" என்றான் மாரிச்செல்வம்.

முருகலட்சுமி எழுந்து கத்தினாள். "டேய், அது மண்ணுடா! சினிமாப் பொம்மைடா! ஒங்க மச்சானுக்குக் கிறுக்குப் பிடிச்சுருச்சுடா!"

"அக்கா, என்னைய ஏமாத்தாத. அன்னைக்கு மரக்கம்பு இடிச்ச சத்தம் எனக்குத் தெரியாதா? ஸ்டார்ட்டர் பொட்டியாம்." ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. "ரெண்டு பேரும் தள்ளிப் போங்க. நான் அசையாம இருக்கேன்."

அவள் உள்ளே பாய்ந்தாள். கருத்தப்பாண்டி குறுக்கே கையை நீட்டி மறித்தான்.

"நீ போகாத. வச்சவன்தான் போகணும்."

"அப்பப் போங்க!" என்று அவன் நெஞ்சில் அடித்தாள். "போங்களேன்!"

இதுவரைக்கும் சொன்னவள் பஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதுக்குமேல கேக்காதீக அண்ணே." பரளச்சி வந்தது. இறங்கிப் போய்விட்டாள்.

7

ஆக, எனக்கு முடிவு தெரியாது. வீடு வெடிக்கவில்லை, வெடித்திருந்தால் அருப்புக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். அவன் உள்ளே போனானா, தெருவிலேயே நின்றானா என்பதுதான் தெரியாது. மாரிச்செல்வத்தை நேரில் பார்த்தால் அவன் பேச்சிலேயே தெரிந்துவிடும். பார்க்கப் பயமாக இருக்கிறது. பரளச்சி லோடு என்றால் வேறு ஆளைப் போகச் சொல்லிவிடுகிறேன்.

முடிவுகளைச் செய்து பார்த்தேன்.

ராம்குமார் பைக்கில் வந்து இறங்குகிறார். தெருவில் கூட்டம். "என்னண்ணே, மூணுல நிக்கலயா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால், கருத்தப்பாண்டிக்காக இறங்கியவன் இந்தத் தடவையும் வேறு ஆள். அடித்துவிட்டேன்.

மாரிச்செல்வமே எழுந்து வருகிறான். சுவரைத் தடவிக்கொண்டு வருகிறான். பலகையில் இடுப்பு இடிக்கிறது. கை குழாய்மேல் படுகிறது, அவன் விரல் மெல்ல—

(முடியவில்லை. பென்சிலை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.)

அப்போதுதான் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. பரளச்சியில் அது மண். கரம்பை மண், சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே, இந்தத் தாளில், அந்தக் குழாயில் மண் என்று சொன்னது யார்? நான்தான். நாலாம் பகுதிக்குப் போய் 'கரம்பை' என்பதை அடித்துவிட்டு வேறு ஒரு சொல்லை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கதையில் குண்டு வந்தால் வெடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆட்கள் உண்டு. அப்படி ஓர் ஆசை எனக்கும் ஒரு மூலையில் இருக்கிறது. இல்லையென்றால் ஏன் டிக் டிக் என்று ஒவ்வொரு நம்பராக எழுதினேன்? ஆக, கருத்தப்பாண்டி கிறுக்கன் இல்லை. இந்தக் கதைக்குள் அவன் பயப்படுவது நியாயம். அவனுக்கு மண்ணைப் பற்றிப் பயம் இல்லை. என்னைப் பற்றித்தான் பயம்.

8

அதனால் ஒன்று செய்கிறேன். நாலாம் பகுதியை இனித் தொடமாட்டேன். கரம்பை கரம்பைதான்.

இப்போது அவனை வாசலுக்குக் கொண்டுவருகிறேன். துண்டை முருகலட்சுமி கையில் கொடுக்கிறான். காலில் செருப்பு இல்லை.

"செல்வம்."

"போங்க மச்சான். எதுக்கு நிக்கிறீக?"

"நான் வாரேன்டா."

"வேணாம். நீங்களும் வந்தா அக்காவுக்கு யாரு?"

"அன்னைக்கே நான்தான்டா

(இந்த வரியை முடிக்க வரவில்லை. எட்டு வருஷம் சொல்லாததை அவன் இப்போது சொல்வானா? சொல்லமாட்டான். வாய் திறந்தபடி விட்டுவிடுகிறேன்.)

வலது காலைத் தூக்குகிறான். நிலைப்படிக்கு மேலே கால் நிற்கிறது. வெயிலில் உள்ளங்காலின் நிழல் உள்ளே சிமெண்டுத் தரையில் விழுந்து ஆடுகிறது. முருகலட்சுமி துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். உள்ளே மாரிச்செல்வம் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, வாசல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

நான் ஏழெட்டுத் தடவை இங்கே வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் என் கையில் கால் பின்னால்தான் வருகிறது. நான் கிணற்றை நேரில் பார்த்தவன். மாரிச்செல்வம் ஏறி வந்தபோது அவன் முகத்தைத் துடைத்தவன். என்னால் ஆகாது. நீங்கள் அந்தக் கிணற்றைப் பார்க்கவில்லை. உங்கள் காலுக்கு அது தெரியாது.

வெறுங்காலை வைத்தால் சிமெண்டுத் தரையில் லேசாக 'தப்' என்று கேட்கும். அவ்வளவு கேட்டால் போதும் மாரிச்செல்வத்துக்கு.

வையுங்கள்.